பழைய காடியும் புது எண்ணெயும்

(சுங்கை பட்டாணியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு நோட்டம் விட்டேன். பெட்டி மாதிரி நிற்கும் பழைய புரோட்டோன் சாகா, கஞ்சில், ஒரு டட்சன் 120ஒய், மூலையில் பளபளவென்று ஒரு மோரிஸ் மைனர். யார் வீட்டு மைனர் என்று தெரியவில்லை, வைத்திருப்பவர் வாழ்க! என் பேச்சுக்கு வேண்டிய உதாரணங்களையெல்லாம் நீங்களே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

எந்த பிராண்ட் எண்ணெய் நல்லது என்று கேட்பதற்காகவே பாதிப் பேர் வந்திருப்பீர்கள். அதைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் எஞ்சின் பிறந்த வருஷத்தோடு அப்படியே நிற்கிறது. பெட்ரோலும் எண்ணெயும் நிற்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆகவே பம்ப்பிலும் கடை அடுக்கிலும் என்ன மாறியது, அந்த மாற்றம் என் எஞ்சினைத் தொடுகிறதா என்ற கேள்வியைத்தான் பழைய காடி வைத்திருப்பவர் கேட்க வேண்டும். விலை கூடியது நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது. பட்டறையில் நான் பார்த்த வீண்செலவில் பெரும்பகுதி அந்தக் கணக்கினால் வந்ததுதான்.

முதலில் பெட்ரோல். சாகா 1985 ஜூலை 9-இல் வெளிவந்தது. அதன் 1,298 சிசி எஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி13. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான், கம்ப்யூட்டர் கிடையாது. கிராணி வீட்டிலும் மானேஜர் பங்களாவிலும் மட்டுமே காடி நின்ற தோட்டங்களில், லயத்து வாசலுக்கு முதன்முதலாக வந்து நின்ற காடி பல குடும்பங்களுக்கு இந்தச் சாகாதான். 1994 ஆகஸ்டில் கஞ்சில் வந்தது. 660 சிசி, மூன்று சிலிண்டர். அப்புறம் 850-ம் வந்தது. அப்போதெல்லாம் பம்ப்பில் ரோன் 92 இருந்தது. 2009-இல் அதை எடுத்துவிட்டு ரோன் 95 கொண்டுவந்தார்கள். அதாவது இன்றைக்கு நீங்கள் ஊற்றும் மிக மலிவான பெட்ரோலே, அன்றைய ரோன் 92-ஐவிட மூன்று படி மேலே இருக்கிறது.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டுவது இல்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கும்போது, பிளக் வைத்த தீ பரவி வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1926-இல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இந்த அளவுகோலை முன்வைத்தார். ஐஸோ ஆக்டேன் 100, ஹெப்டேன் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவில் உங்கள் பெட்ரோல் எங்கே நிற்கிறதென்று ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஓட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு தாக்குப்பிடிக்கும் பெட்ரோல் வேண்டும். மோரிஸ் மைனர் எட்டரை மடங்கு வரை அழுத்தும். டட்சன் ஒன்பது மடங்கு. சாகா ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். இவை எதற்கும் 97 தேவையில்லை. நவீன காடியில் நாக் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. பெட்ரோலுக்குத் தக்கபடி அது பொறி நேரத்தை மாற்றிக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த எஞ்சினுக்கு அந்த அறிவு கிடையாது. 97 ஊற்றினாலும் அது பழைய நேரத்திலேயே பொறி வைக்கும். கூடுதல் காசு புகைக்குழாய் வழியாகத்தான் போகிறது.

"அண்ணே, 95 ஊத்துனா மேட்டுல சத்தம் போடுது, 97 ஊத்துனா நிக்கிது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குரூணிலிருந்து ஜெராய் மலைக்கு ஏறுங்கள். 1,217 மீட்டர் மலை, வளைந்து வளைந்து போகும் பாதை. மூன்றாவது கியரில் மிதிக்கும்போது தகர டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வந்தால், எஞ்சின் நாக் ஆகிறது. முப்பது வருஷமாகக் கரி படிந்து படிந்து பிஸ்டன் தலைக்கு மேலுள்ள இடம் குறுகிப் போயிருக்கும், அழுத்தம் கூடியிருக்கும், சிவந்த கரித்துண்டே பொறி வைக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒரு போமன் டைமிங்கை முன்னே தள்ளி வைத்திருப்பார், ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். 97 அந்தச் சத்தத்தை மூடுகிறது, நோயை விட்டுவிடுகிறது. டைமிங் லைட் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது. மாதாமாதம் 97-க்குக் கொடுக்கும் வித்தியாசத்தில் அந்தக் கூலி என்றோ கழிந்திருக்கும்.

2025 செப்டம்பர் இறுதியில் பூடி 95 பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது, மைகார்டு காட்டினால் ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்றார்கள். அப்போது மானியம் இல்லாத விலை 2 வெள்ளி 60 காசு. மலிவு விலைக்குக் கொடுப்பதால் சரக்கும் மட்டமாக இருக்குமோ என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது. நம் ஆட்களுக்கு மலிவாகக் கிடைத்தால் அதன்மேல் சந்தேகம். விலை கூட்டினால் அரசாங்கத்தின்மேல் சந்தேகம்! இரண்டு விலைக்கும் வருவது ஒரே குழாயில் வரும் ஒரே பெட்ரோல்தான்.

ஈயத்தின் கதை கொஞ்சம் பெரியது. மைனர் வைத்திருப்பவர் நிமிர்ந்து உட்காரலாம். 1921 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் துளியளவு கலந்தால் நாக்கிங் நின்றுவிடுகிறது என்று கண்டார். அது நஞ்சு என்பது அப்போதே தெரியும். ஆலையில் வேலை செய்தவர்கள் செத்தார்கள். இருந்தும் உலகம் அதைக் குடித்தது. கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் காடிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. நம் நாட்டில் ஈயமில்லாத பெட்ரோல் 1990-களில் பரவியது.

அந்த ஈயம் பழைய எஞ்சினுக்கு இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு சிவக்கச் சூடாகித் தன் இருக்கையில் நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அடிக்கும். மைனரின் எஞ்சின் தலை வார்ப்பிரும்பு. வால்வு இருக்கையும் அதே இரும்பில் கடைந்ததுதான். ஈயச் சாம்பல் மெல்லிய படலமாக இடையில் நின்று, இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துவிடாமல் காத்தது. ஈயம் போனதும் இருக்கை தேயத் தொடங்கும், வால்வு உள்ளே உள்ளே அமிழும். ஆனால் எல்லா ஓட்டத்திலும் இது நடப்பதில்லை. நீண்ட நேரம் வேகமாக ஓடினால்தான் நடக்கும்.

நம் வட்டாரத்தில் ஒரு பொருத்தம் பாருங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது 1994. ஈயம் போன அதே பத்து வருஷத்துக்குள்தான் மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடக்கூடிய சாலையும் வந்தது. அதுவரை பீடோங் வழியாகப் பழைய சாலையில் அறுபதிலும் எழுபதிலும் போய்க்கொண்டிருந்த மைனர்களுக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த எஞ்சினுக்கு 110 என்பது கிட்டத்தட்ட உயிரைக் கொடுத்து ஓடுவது. எண்பதில் போங்கள். வால்வு கிளியரன்ஸை ஒவ்வொரு சர்வீஸிலும் அளந்து எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது என்று பொருள். அப்போது தலையைக் கழற்றி, கடினமான வளையம் பதித்துக்கொண்டால் போதும், அந்தக் கவலை தீர்ந்தது. சாகாக்காரர்களுக்கும் கஞ்சில்காரர்களுக்கும் இது எதுவும் வேண்டாம். உங்கள் எஞ்சின் தலை அலுமினியம். இருக்கை வளையம் தொழிற்சாலையிலேயே பதித்தது.

இனி கெடாக்காரர்களுக்கென்றே ஒரு சங்கதி. கோலாலம்பூரில் இதைப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நாம் ஹட்ஞாய்க்குப் போகிறோம். புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணம். திரும்பும்போது டேங்க் காலி, வழியில் ஒரு பம்ப். அங்கே இருப்பது பெரும்பாலும் கேசஹோல். கேசஹோல் 91, கேசஹோல் 95 இரண்டிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால், அதாவது சாராயம். இ20 என்றால் இருபது பங்கு. இ85 என்றும் ஒன்று உண்டு. எத்தனால் கலக்காத 91 பெட்ரோலைத் தாய்லாந்து 2013 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டது. நம் நாட்டுப் பம்ப்புகளில் எத்தனால் கிடையாது. ஆகவே நம் பழைய காடிகளின் ரப்பர் குழாயோ கார்புரேட்டரோ அதற்குப் பழகியதில்லை.

என்ன ஆகும்? எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை இளைத்துப்போகும். கம்ப்யூட்டர் உள்ள காடி பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டும். கார்புரேட்டரின் ஜெட்டோ ஒரு துளை, அவ்வளவுதான். எஞ்சின் சூடேறும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும். பழைய டேங்க்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த அழுக்கை எத்தனால் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். பழைய குழாய் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும்; பெட்ரோல் கசியும் இடம் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். போதாததற்கு எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஹட்ஞாய்க்குப் போய் வந்த காடியை மூன்று மாதம் கொட்டகையில் நிறுத்தினால், டேங்க்கின் அடியில் தண்ணீரும் சாராயமுமாகப் பிரிந்து நிற்க வாய்ப்பு உண்டு.

அதனால் ச்சாங்லூனிலேயே முழு டேங்க் அடித்துக்கொண்டு போங்கள். போய்வர அது தாராளமாகக் காணும். தவிர்க்க முடியாமல் போட்டுவிட்டால் இ10-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு டேங்க் இ10-இனால் எந்த எஞ்சினும் செத்துப்போகாது. வீடு வந்ததும் ஓட்டித் தீர்த்துவிட்டு நம் பெட்ரோலை நிரப்புங்கள். இ20 பக்கம் மட்டும் போகாதீர்கள்.

டீசல்காரர்களுக்கு ஒரே பத்தி. நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கிறது. 2019-இலிருந்து பத்து விழுக்காடு. 2020 தொடக்கத்தில் பி20-ஐ முதலில் அறிமுகப்படுத்தியது நம் லங்காவியில்தான். பழைய மெர்சிடிஸ் 240டி, ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் டீசல் ஃபில்டரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள். பயோடீசலும் பழைய அழுக்கைக் கிளப்பும், பழைய ரப்பர் சீல்களை இளக்கும். பால்மரத்தை வெட்டிவிட்டு நட்ட செம்பனை, இப்போது எஞ்சினுக்குள்ளும் புகுந்து ரப்பரைத் தின்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேலி புரியும். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆக, தாவர எண்ணெய் டீசலுக்குப் புதுச் சொந்தம் இல்லை.

இப்போது கருப்பு எண்ணெய்க்கு, அதாவது எஞ்சின் எண்ணெய்க்கு வருவோம். டின்னில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். முன் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் சோதனை. அலோர் ஸ்டாரில் மைனஸ் 15 வந்தால் எண்ணெயைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது! பக்கத்து பெர்லிஸில் ச்சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவான வட்டாரம் இது. நமக்குப் பின் எண்தான் முக்கியம். 100 டிகிரிச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்லும். 40 என்றால் 12.5-இலிருந்து 16.3 வரை. 50 என்றால் 16.3-இலிருந்து 21.9 வரை. அலகு வேண்டாம், அளவு புரிந்தால் போதும்.

எழுபது, எண்பதுகளின் கையேடுகளில் வெப்பநிலைக்குப் பட்டை போட்டு ஒரு படம் இருக்கும். நம் வெயிலுக்கான பக்கத்தில் பெரும்பாலும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 நிற்கும். அந்த எஞ்சின்களின் பேரிங் இடைவெளி அதற்குத் தகுந்தபடி வைத்தது. மைனர், டட்சன், பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய சாகா இவற்றுக்கு 20டபிள்யூ-50 சரியானது. ஒழுங்காகப் பராமரித்து, புகை இல்லாமல், சூட்டில் ஐடிலிங்கிலும் எண்ணெய் விளக்கு மினுக்காத சாகாவுக்கு 15டபிள்யூ-40 போதும். கஞ்சில் சின்ன எஞ்சின், இடைவெளி நெருக்கம், 10டபிள்யூ-40 ஊற்றுங்கள். கெட்டி எண்ணெய் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம் வரை ஏறக் கூடுதல் நேரம் எடுக்கும். எண்ணெய் போய்ச் சேராத அந்தச் சில வினாடிகளில் எஞ்சின் தேயும். 0டபிள்யூ-20 என்று புதிய மைவி போன்ற காடிகளுக்கு வரும் எண்ணெயை, மகன் மிச்சம் வைத்த டின் என்பதற்காகச் சாகாவில் ஊற்றாதீர்கள்.

அடுத்தது வட்டத்துக்குள் இருக்கும் எழுத்து: எஸ்.எஃப், எஸ்.ஜி, எஸ்.எல், எஸ்.என், எஸ்.பி. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் ஏ.பி.ஐ கொடுக்கும் தர எழுத்து இது. சாகா பிறந்தபோது எஸ்.எஃப் காலம். எஸ்.எல் 2001-இல் வந்தது, எஸ்.பி 2020-இல். பிந்திய எழுத்து முந்தியதைவிட மேல் என்பது பொதுவிதி. அதில் ஒரு விலக்கு உண்டு. கேமும் டப்பட்டும் உரசுமிடத்தில் தேய்மானத்தைத் தடுக்க எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம் கலப்பார்கள். அந்தப் பாஸ்பரஸ் புதிய காடிகளின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று, எஸ்.எம் முதற்கொண்டு 30, 20 எண் எண்ணெய்களில் அதை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். மைனரிலும் டட்சனிலும் கேம் தட்டை டப்பட்டின் மேல் தேய்த்துக்கொண்டே போகிறது; அதற்கு இந்தச் சேர்மம் தாராளமாக வேண்டும். 40, 50 எண் எண்ணெய்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. ஆக, கையேடு சொன்ன கெட்டியையே வாங்கினால் துத்தநாகமும் கூடவே வந்துவிடுகிறது. லோரிக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் எண்ணெயில் சி.ஐ-4 எழுத்தோடு எஸ்.எல் எழுத்தும் இருந்தால், சாகாவுக்கு அதைத் தாராளமாக ஊற்றலாம். எழுத்தே இல்லாத டின்னை எவ்வளவு மலிவு என்றாலும் தொடாதீர்கள். போலி எண்ணெய்ப் பறிமுதல் செய்தி அவ்வப்போது பேப்பரில் வருகிறது. தெரிந்த கடையில் வாங்கி, மூடியின் சீலைப் பாருங்கள்.

சிந்தெட்டிக் ஊற்றினால் பழைய எஞ்சின் ஒழுகும் என்பார்கள். எழுபதுகளில் வந்த முதல் தலைமுறை சிந்தெட்டிக்குகள் சீல்களைச் சுருக்கியது உண்மை. அதெல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது. இன்று ஒழுகினால், சீல் ஏற்கெனவே இறுகி வெடித்திருக்கிறது, அதை அடைத்திருந்த அழுக்கை நல்ல எண்ணெய் கழுவிவிட்டது என்று அர்த்தம். சிந்தெட்டிக் கெடுதி இல்லை. மாதம் அரை லிட்டர் ஒழுகவும் புகையவும் விடுகிற எஞ்சினில் அதை ஊற்றுவது வீண், அவ்வளவுதான்.

குரூணில் செய்யும் மோடெனாஸ் கிரிஸ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டாரின் கிளட்ச் எண்ணெய்க்குள்ளேயே ஊறிக் கிடப்பது. காடிக்கு வாங்கியதில் மிச்சத்தை மோட்டாருக்கு ஊற்றினால், உராய்வைக் குறைக்கும் மருந்து அதில் இருந்தால் கிளட்ச் வழுக்கும். மோட்டாருக்கு ஜாசோ எம்ஏ என்று போட்ட டின்தான்.

இவ்வளவும் சரியாக வாங்கினாலும் நம் பக்கத்துக் காடிகளைக் கெடுப்பது இரண்டு. ஒன்று, செம்மண் தூசி. பழக்குலை லோரிக்குப் பின்னால் தோட்டப் பாதையில் ஓட்டினால் ஏர் ஃபில்டர் ஒரு மாதத்தில் சிவந்துவிடும். ஃபில்டர் கிழிந்தால் அந்த மண் சிலிண்டரில் அரைத்து எண்ணெயில் இறங்கும். பிறகு எந்த எண்ணெயும் காப்பாற்றாது. இரண்டாவது, சின்ன ஓட்டம். ஓய்வுபெற்றவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் பசாருக்கு மூன்று கிலோமீட்டர், மாலையில் கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி உள்ளேயே தங்கும், எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் இதுதான் காரணம். அதே நிறம் டிப்ஸ்டிக்கிலும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம்; உடனே பட்டறைக்கு வாருங்கள். மற்றபடி வாரத்துக்கு ஒரு நாள் குரூண் வரை நெடுஞ்சாலையில் போய்வாருங்கள். 5,000 கிலோமீட்டர் ஓடவில்லையே என்று காத்திராமல் ஆறு மாதத்தில் எண்ணெயை மாற்றுங்கள். "ரெண்டாயிரம்கூட ஓடலையே தம்பி" என்று சொல்லும் பெரியவர்களின் காடியிலிருந்துதான் மிக மோசமான எண்ணெய் வடியும்.

வடித்த எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலிக் கம்பத்துக்குக் கரையான் பிடிக்காமல் பூசுவோம், மீதியைக் காவாயில் ஊற்றுவோம். அந்தக் காவாய்கள் எத்தனையோ போய்ச் சேருவது மூடா ஆற்றில். கெடாவுக்கும் பினாங்குக்கும் குடிதண்ணீர் அங்கிருந்து எடுக்கிறார்கள். சட்டப்படி கழிவு எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, எஸ்.டபிள்யூ 305 என்று அதற்கு எண்ணே இருக்கிறது. வீட்டில் நீங்களே மாற்றினால், புது எண்ணெய் வந்த டின்னிலேயே பழையதை ஊற்றி மூடிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் டிரம்மில் சேர்த்து, உரிமம் உள்ளவர் வரும்போது கொடுப்போம். தண்ணீரோ, பிரேக் எண்ணெயோ மட்டும் அதில் கலந்துவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மோரிஸ் மைனர்காரர் முதலில் கேட்கட்டும்.